வீட்டெண் இல்லாத வள்ளம்

வள்ளத்து வாழ்க்கையில் தங்கபாய்க்குக் கடைசிவரை பழகாதது அடுப்பு ஒன்றுதான். ஒரு மரப்பெட்டியில் ஆற்றுமணலை நிரப்பி அதன்மேல் மூன்று கல் வைத்திருந்தாள். சிரட்டை எரித்துச் சோறு வைப்பாள். மேற்கிலிருந்து காற்று எழுந்தால் புகை முழுவதும் மூங்கில் பாய்க் கூரைக்குள் திரும்பி வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டே பானையை இறக்க வேண்டும். மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிட்டது. விடிந்ததும் அடித்தட்டுப் பலகையைத் தூக்கி, கசிந்து தேங்கிய தண்ணீரைத் தகரத்தால் இறைப்பது பழகியது. எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் ஆட்டம் தெரியாது என்பதும் பிடிபட்டது. தவழ்கிற பிள்ளை விமலகுமாரியின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பாய்மரத்தின் அடியில் கட்டிவிட்டு வேலை பார்க்கவும் கற்றுக்கொண்டாள்.

அவளும் கணவன் பாலையனும் வள்ளத்தில் குடியேறியது 1968இல். அதற்கு முன்னால் கொல்லயில் என்ற ஊரில் ஒரு பெரிய நிலக்காரரின் தென்னந்தோப்பு மூலையில் குடில் போட்டிருந்தார்கள். குடில் கிடக்கிற மண் குடியிருக்கிறவனுக்கே சொந்தமாகும்படி சட்டம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. சட்டம் வருவதற்கு முன்பே ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து தோப்பில் இருந்த நான்கு குடில்களையும் பிரித்துப் போட்டார்கள். மற்ற மூன்று குடும்பங்களும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின. பாலையனுக்கு அப்படிப் போக ஓர் இடமில்லை.

அவன் பூவாரில் ஒரு கொப்பரை வியாபாரியின் சரக்கு வள்ளத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். ஒற்றைப் பாய்மரம், நடுவில் வளைந்த கூரை, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்த பழைய வள்ளம். அவன் வேலைக்குச் சேரும்போதே அதற்கு இருபது வயது. வியாபாரி லாரி வாங்கிவிட்டார். வள்ளம் துறையில் சும்மா கிடந்தது. பாலையன் போய் நின்றபோது, "எனக்கு இனி இது என்னத்துக்குலே? நீயே கொண்டுபோ. விறகுக்கு விக்காம இருந்தா போதும்" என்றார்.

வள்ளம் கிடைத்தது. கட்டிப்போட ஒரு கரை வேண்டும். திருப்புறத்தில் நெய்யாற்றங்கரையில் சதாசிவன் சாருக்கு அறுபது சென்ட் தென்னந்தோப்பு இருந்தது. அவர் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி இறந்தபின் மகள் சரோஜத்தோடு இருந்தார். பாலையன் கேட்டதும் அவர் அதிகம் யோசிக்கவில்லை. "கெட்டிக்கோ. தேங்கா களவு போவாம ஒரு கண்ணு வச்சுக்கிட்டா போதும்" என்றார்.

அதன்பின் நாட்கள் காற்றைப் பார்த்து நடந்தன. காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அந்தக் காற்றில் தேங்காய் மட்டையாகிய தொண்டும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு பூவாருக்கு இறங்குவார்கள். மத்தியானத்துக்குமேல் கடற்காற்று திரும்பும். அப்போது ஓடோ மணலோ ஏற்றிக்கொண்டு பாய் விரித்து மேலே வருவார்கள். காற்று இல்லாத நாளில் நீளக் கழியை ஆற்றின் அடியில் ஊன்றி நெஞ்சு கொடுத்துத் தள்ள வேண்டும். பாலையன் கழி ஊன்றுவான், தங்கபாய் சுக்கான் பிடிப்பாள். அவன் பேச்சுக்காரன் இல்லை. ஆனால் பாய் புடைத்து நிற்கும்போது மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையில், வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வள்ளத்தைக் கரையில் ஏற்றுவார்கள். தென்னந்தடிகளை உருளையாகப் போட்டு எட்டுப் பேர் பிடித்து இழுக்க வேண்டும். பாசியைச் சுரண்டி, தையல் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நைந்த கயிற்றை அறுத்துவிட்டுப் புதுக்கயிறு கோத்து இழுத்து, பலகைகளின் இடையில் கயிற்று நாரைத் திணித்து, மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற தோட்டெண்ணெயும் மாறிமாறிப் பூச வேண்டும். தோட்டெண்ணெய் பட்ட இடத்தில் கை கொப்புளித்துப்போகும். துணி இற்றுப்போகாமலிருக்கப் பனிச்சங்காயை இடித்துக் காய்ச்சிய சாற்றில் பாயை முக்கி எடுப்பாள் தங்கபாய். ஒரு மாதம் இப்படிப் போகும். அந்த ஒரு மாதமும் கரையில் நிற்கிற வள்ளத்துக்குள்ளேயே சமைத்து, அதிலேயே படுப்பார்கள்.

1971 சித்திரையில் வள்ளம் கரையில் நின்றபோதுதான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஜெயச்சந்திரன் வந்தார். சட்டம் வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. அடுத்தவர் நிலத்தில் குடில் போட்டிருக்கிற குடிகிடப்புக்காரனுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் அந்த நிலத்திலேயே பத்து சென்ட் உண்டு, மனு எழுதிக் கொடுத்தால் அதிகாரி வந்து பார்ப்பார் என்றார். வள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுப் பாலையனிடம், "இது கரையில இருக்கு. கூரை உண்டு. அடுப்பு உண்டு. கீழ நாலு ஓலை கெட்டி மறைச்சா குடிலுதானே?" என்றார்.

பாலையன் அன்றைக்கே மனுவில் கைவிரல் பதித்தான்.

சாயங்காலம் அவன் ஓலையை வள்ளத்தின் விளிம்பிலிருந்து தரைவரைக்கும் கட்டிக்கொண்டிருந்தான். தங்கபாய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. சாரு நமக்குக் கெட்டிக்கிடக்க இடம் தந்தவராக்கும். அவருக்கு ஆகெ உள்ளதே அறுபது சென்டு."

"எனக்குத் தெரியும்."

"நம்ம குடில பிச்சுப் போட்டது அவரில்லியே."

"பிச்சுப் போட்டவன்கிட்ட போயி இப்ப என்னத்தக் கேக்க? அங்க நம்ம குடிலு இல்ல. இருந்ததுக்குச் சாட்சியும் இல்ல." அவன் ஓலையை முடிந்துகொண்டே சொன்னான். "கொல்லயில்ல நம்மகூட கிடந்தவன் இப்ப செங்கல் ஊர்ல ஒருத்தரு தோப்புல பத்து சென்டு வாங்கியாச்சு. நீ பேசாம இரி. அந்த ஆளு வரும்போ நான் பேசிக்கிடுதேன்."

"வள்ளத்த பிறவு எப்பம் எறக்குவது?"

அவன் அடுத்த ஓலையை எடுத்தான். குடில் என்று எழுதிவிட்டால் அதை ஆற்றில் இறக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சைக்கிளில் வந்தார். ஜெயச்சந்திரன் கூட வந்தார். சதாசிவன் சார் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு தென்னையின் அடியில் நின்றார். அவர் பாலையனைப் பார்க்கவில்லை. அதிகாரி ஓலை மறைப்பைப் பார்த்தார். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வள்ளத்தின் மூக்கையும் பார்த்தார். பாய்மரத்தைப் பாலையன் இறக்கித் தோப்பின் அந்தப் பக்கம் போட்டிருந்தான்.

"எத்தற வர்ஷமாயி இவிடெ?"

"மூணு வருசமாச்சு சாரே. குடில்தான்."

அதிகாரி எழுதினார். பிறகு என்ன தோன்றியதோ, வள்ளத்தின் மறுபுறம் வந்தார். அங்கே தங்கபாய் ஒரு கையில் எண்ணெய்ச் சிரட்டையும் மறுகையில் துணிச்சுருளுமாக நின்றாள். முழங்கைவரைக்கும் கறுப்பு.

"நிங்ஙள் பற. இது எந்தா? குடிலோ, வள்ளமோ?"

அவள் பாலையனைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"வள்ளமாக்கும் சாரே" என்றாள்.

ஜெயச்சந்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். சதாசிவன் சார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பின்பு குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வெயில் அவ்வளவாக இல்லை.

பாலையன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கட்டிய ஓலையை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கரையில் அடுக்கினான். நாற்பது நாளுக்குமேல் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வள்ளத்தில் பேசாமல் இருப்பது வீட்டில் பேசாமல் இருப்பது போலல்ல. சுக்கானில் இருப்பவளிடம் கழி ஊன்றுபவன் "இடது", "பைய" என்று சொல்லியே ஆகவேண்டும். அவன் அதை விமலாவிடம் சொன்னான். மூன்று வயதுப் பிள்ளை, "அம்மா, இடது" என்று திருப்பிச் சொன்னது.

பேச்சு பிறகு வந்தது. ஆனால் பாய் புடைக்கும்போது திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வை வரவில்லை. வள்ளத்துக்கு வீட்டெண் கிடையாது. வீட்டெண் இல்லாததால் ரேஷன் கார்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அரிசியைக் கடை விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். சொல்லாமலிருப்பதே அவளுக்குக் கேட்கும்.

ஊரில் ஒவ்வொருவராகத் துபாய்க்கும் அபுதாபிக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். 1974இல் பாலையனும் கிளம்பினான். பாஸ்போர்ட்டுக்கு ஒரு விலாசம் வேண்டும். அவன் சதாசிவன் சாரிடம் போய்க் கேட்கக் கூசினான். தங்கபாய்தான் போனாள். சார் தன் வீட்டு விலாசத்தைத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி, இரண்டுமுறை சரிபார்த்துக் கொடுத்தார். "லெட்டரும் இஞ்சயே வரட்டும். நான் தந்துவிடுதேன்" என்றார்.

பஸ் ஏறும்போது பாலையன் சொன்னது வள்ளத்தைப் பற்றித்தான். "ஒத்தைக்கு உன்னால முடியாது. வித்துப்போடு. எங்கயெங்கிலும் ஒரு முறி வாடகைக்கு எடுத்துக்க."

அவள் விற்கவில்லை. அதற்குத் துணிச்சல் காரணமில்லை. வாடகை அறையில் தனியாக ஒரு பெண் பிள்ளையோடு இருப்பதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது. வள்ளத்தில் அந்தப் பயம் இல்லை.

கழி ஊன்ற ஆள் வேண்டும். பூவாரில் மீன்கூடை சுமந்து விற்றுக்கொண்டிருந்த சாராம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள், தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோள். "கூடை சுமந்து கழுத்து ஒடிஞ்சாச்சு. இனி நெஞ்சு ஒடியட்டும்" என்று சொல்லிக் கழியை எடுத்தாள். முதலில் இரண்டு பெண்கள் ஓட்டுகிற வள்ளத்துக்கு யாரும் சரக்குத் தரவில்லை. பிறகு நனைந்தாலும் கெடாத தொண்டு மட்டும் தந்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு சுமைகூட ஆற்றில் போகாததைப் பார்த்தபின் ஓடும் தந்தார்கள்.

பாலையனின் முதல் கடிதம் நான்கு மாதம் கழித்து வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. துபாயில் கட்டட வேலை கிடைக்கவில்லை, கொத்துவேலையும் தச்சுவேலையும் தெரிந்தவர்கள் நிறைய. என்ன தெரியும் என்று கேட்டார்கள். பலகைச் சந்தில் நார் அடைக்கத் தெரியும் என்றான். அங்கே கடற்கழியில் பெரிய பெரிய மர லாஞ்சுகள் கிடக்கின்றனவாம். அதில் பஞ்சு அடைக்கிற வேலையில் வைத்துக்கொண்டார்கள். தங்க இடம் இல்லாததால் எட்டுப் பேர் ஒரு பழைய லாஞ்சிலேயே படுக்கிறார்கள். "இங்கேயும் காலையில் எழுந்தால் தண்ணீர் இறைக்க வேண்டும்" என்று கடைசி வரியில் இருந்தது. சதாசிவன் சார் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தங்கபாய் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள்.

1976 ஆவணியில் சரோஜத்துக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் சரோஜத்துக்கு வரப்போகிற தோப்பைப் பார்க்க வந்தபோது வள்ளத்தையும் பார்த்தார்கள். மறுநாள் காலை சார் கரைக்கு வந்தார். சுக்கானில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்த தங்கபாயிடம் விமலாவின் படிப்பைப் பற்றிக் கேட்டார். மழையைப் பற்றிச் சொன்னார். போகவும் இல்லை, விஷயத்துக்கு வரவும் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாங்க மாறணும், இல்லியா சாரே?"

அவர் தரையைப் பார்த்தார். "அவங்களுக்குப் பயமாக்கும். எத்தற சொன்னாலும் மனசிலாவல்ல. பத்து வருசம் கெட்டிக்கிடந்தா எழுதி வாங்கிக்கிடுவாங்கண்ணு... அண்ணைக்கு அதிகாரிகிட்ட வள்ளம்ணு நீ சொன்னத அவங்ககிட்ட சொன்னேன் மக்கா. நம்பல்ல."

"பரவால்ல சாரே. ஞாயித்துக்கெழம மாறுதேன்."

அன்று சாயங்காலம் சாராம்மா கேட்டாள்: "அண்ணைக்குக் குடில்ணு சொல்லியிருந்தா இந்நேரம் ஒன்ன யாரு எறக்குவா?" தங்கபாய் அடுப்புப் பெட்டியின் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அதத்தான் நானும் நினைக்குதேன்" என்றாள்.

பூவாருக்குப் பக்கத்தில் புறம்போக்குக் கரை ஒன்று கிடைத்தது. யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பொழிமுகம் அருகில், கடல் ஏறி வருகிற இடம், தண்ணீர் உப்பு. விமலா பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல் நடந்தாள். கடிதம் வருகிற நாட்களில் சதாசிவன் சார் அதே இரண்டு மைல் நடந்து வந்து அதைத் தங்கபாயிடம் சேர்ப்பார். யாரிடமும் கொடுத்து விடமாட்டார். வாசித்துக் காட்டிவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவார்.

மறுவருடம் மார்கழியில் அது நடந்தது. பூவாரில் ஓடு ஏற்றிக்கொண்டு கடற்காற்றில் மேலே வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை; விமலாவும் இருந்தாள். ஆறு அகன்ற இடத்தில் சாராம்மா காலைத் தூக்கிப் பார்த்து, "எட்டி, இதென்ன வெள்ளம்?" என்றாள். அடித்தட்டுப் பலகையைத் தூக்கினார்கள். கீழே தண்ணீர் ஒரு முழம் நின்றது. தங்கபாய் உள்ளே கையை விட்டுத் தடவினாள். ஒரு பலகையில் அவள் விரல் அப்படியே உள்ளே போயிற்று, ஊறின ரொட்டிக்குள் போவது போல. விரலை எடுத்ததும் தண்ணீர் பீறிட்டது.

"ஓடெல்லாம் வெளிய எறிவோம்" என்று சாராம்மா கத்தினாள்.

"எறிஞ்சா ஒரு பக்கம் சாஞ்சு போவும். எறியாண்டாம். நீ ஓட்டைய அடை. விமலா, வெள்ளத்த எற மக்கா, நிறுத்தாத!"

இரு பக்கமும் செங்குத்தான செம்மண் கரை, ஏற வழியில்லை. முன்னால் ஒரு பர்லாங் தூரத்தில் ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு தெரிந்தது. தங்கபாய் சுருக்கி வைத்திருந்த பாயை முழுவதும் அவிழ்த்துவிட்டாள். தண்ணீர் ஏறிய வள்ளம் காற்றுக்கு முனகியது. சாராம்மா தன் மேல்முண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்தாள். அது நிற்கவில்லை என்று கண்டதும் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு மாதாவைக் கூப்பிட்டாள், நடுநடுவே விமலாவை அவசரப்படுத்தினாள். பிள்ளை அழுதுகொண்டே இறைத்தாள். தங்கபாய் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தவறும் என்று தெரியும். திட்டை மட்டுமே பார்த்துச் சுக்கானைப் பிடித்திருந்தாள். வள்ளத்தின் விளிம்புக்கும் ஆற்றுக்கும் நான்கு விரல் இடைவெளி இருந்தபோது அடிப்பக்கம் மணலில் உரசியது. உரசி, ஏறி, நின்றது.

மூன்று பேரும் மணலில் இறங்கினார்கள். தங்கபாய் உட்கார்ந்து விமலாவை மடியில் இழுத்துக்கொண்டாள். ஓடு ஒன்றுகூட உடையவில்லை என்பதை அவள் மறுநாள்தான் கவனித்தாள்.

பூவாரில் வள்ளம் தைக்கிற நேசமணி வந்து பலகையை அறுத்துக் காட்டினான். உள்ளே சுண்டுவிரல் அகலத்துக்கு வளைவளைவாகப் பாதைகள். "உப்புவெள்ளத்துப் புழு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. இன்னும் ரெண்டு பலகையில உண்டு. நான் மாத்தித் தாறேன். ஆனா மிச்சத்துல கேறியிருக்கத சாவடிக்கணும்ணா நல்லவெள்ளத்துல நாப்பது நாளு போடணும்."

ஐந்து நாட்கள் அந்தத் திட்டிலேயே வேலை நடந்தது. நேசமணி வெளியிலிருந்து கயிற்றை நுழைத்தான். தங்கபாய் உள்ளேயிருந்து இரண்டு காலையும் பலகையில் உதைத்து இழுத்து இறுக்கினாள். மூன்றாம் நாள் கடிதத்தோடு தோணி பிடித்து வந்த சதாசிவன் சார் திட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டறிந்தார்.

"நீ என் கரைக்குக் கொண்டுவா" என்றார். "நாப்பது நாளுதானே. நான் சரோஜத்துகிட்ட சொல்லுதேன்."

தங்கபாய் கயிற்றை விடாமல் சொன்னாள்: "வேண்டாம் சாரே. சரோஜம் பாவம், அதுக்குப் புருஷன் வீட்டுல நூறு பதில் சொல்லணும். நான் ஆத்துல போட்டுக்கிடுதேன். ஆறு யாருக்கும் எழுதிக் குடுக்கல்லியே."

அவள் வள்ளத்தை மேலே கொண்டுபோய், சாரின் தோப்புக்கு நேராக, ஆற்றின் நடுவில் நங்கூரமிட்டாள். கரைக்குப் போக சின்னத் தோணி ஒன்று வாங்கினாள். நாற்பது நாட்கள் அப்படி இருந்தாள். சார் தினமும் சாயங்காலம் தோப்பில் வந்து உட்கார்ந்திருப்பார். சில நாள் விமலா தோணியில் போய் அவரிடம் கணக்குப் போட்டுக்கொண்டு வருவாள். நாற்பதாம் நாள் தங்கபாய் எல்லாப் பலகைகளையும் தட்டிப் பார்த்தாள். எங்கும் உள்ளே பொள்ளலான சத்தம் கேட்கவில்லை. அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் யாரும் சொல்லாமலே வள்ளத்தை நல்லதண்ணீரில் கொண்டுபோய்ப் போடத் தொடங்கினாள்.

1979 சித்திரையில் பாலையன் இரண்டு மாத விடுப்பில் வந்தான். கொஞ்சம் தடித்திருந்தான், நெற்றிப்பக்கம் முடி போயிருந்தது. விமலா அவனைப் பார்த்து வெட்கப்பட்டாள். வள்ளம் அப்போது கரையில் ஏறி நின்றது. பெட்டியைக் கீழே வைத்தவன் முதலில் அதைத்தான் சுற்றிவந்தான். புதிய மூன்று பலகைகளின் மேல் விரலை ஓட்டினான். தையலை அழுத்திப் பார்த்தான்.

"யாரு தச்சது?"

"நேசமணி அண்ணன். உள்ள இருந்து இழுத்தது நானாக்கும்."

அவன் தலையை ஆட்டினான். மறுநாள் காலை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான். அங்கே கற்ற மாதிரி பஞ்சை எண்ணெயில் ஊறவைத்து உளியால் அடிக்கலாம் என்றான். தைத்த வள்ளத்தில் உளி பட்டால் கயிறு அறும் என்றாள் அவள். அரைநாள் இதைப் பற்றியே வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சுக்கான் பக்கத்தில் ஒரு சந்தில் மட்டும் அவன் அடித்துக் காட்டினான். அது நன்றாகத்தான் இருந்தது. மற்ற இடத்தில் தொட அவள் விடவில்லை.

எண்ணெய் பூசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வள்ளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்டான். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"எட்டி, எட்டு வருசமா உன்கிட்ட கேக்காம வச்சிருக்கேன். அண்ணைக்கு ஏன் அப்பிடிச் சொன்ன?"

அவள் துணியைச் சிரட்டையில் வைத்தாள். "சாருக்கு நன்றிகேடு செய்யக்கூடாதுண்ணு நினைச்சேன். அது ஒண்ணு. பிறவு... குடில்ணு எழுதியாச்சுண்ணா இத பின்ன எறக்கமுடியாது. ரெண்டு வேனலுக்குப் பலக காஞ்சு தச்சலு விட்டுப்போவும். நமக்குண்ணு உள்ளது இது ஒண்ணுதானே? அத நாமளே கொல்லுவதாண்ணு தோணிச்சு. இதெல்லாம் அந்நேரம் நான் யோசிச்சதில்ல. அந்தாளு கேட்டாரு, வாயில வந்துபோச்சு."

அவள் துணியை எடுத்துத் தையலின்மேல் தேய்த்தாள்.

"சரிதானாண்ணு கேட்டா எனக்கு இப்பளும் தெரியாது" என்றாள் மறுபடி. "சாரு வந்து மாறணும்ணு நின்ன அண்ணைக்கு என் வாயைக் கிழிக்கலாம்ணு தோணிச்சு. விமலா முங்கிப்போவாளோண்ணு இருந்த அண்ணைக்கும் தோணிச்சு."

பாலையன் சொன்னான்: "பத்து சென்டு போனதுக்கு எனக்குக் கோவமில்ல. நான் குடில்ணு சொல்லியாச்சு. நாலு பேரு கேக்க நீ அதப் பொய்யாக்கிப்போட்ட. அதுக்கு முன்ன என்கிட்ட நீ தெளிச்சுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. நீங்க ஓல கெட்டிக்கிட்டு நிண்ணிய."

அவன் யோசித்தான். "ஆமா" என்றான். பிறகு, "கேட்டிருக்கலாம்" என்றான்.

அந்த இரண்டு மாதத்தில் திருப்புறத்தில் ஆற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே எட்டு சென்ட் வாங்கி அஸ்திவாரம் போட்டார்கள். வள்ளத்தை விற்றுவிடலாம் என்று பாலையன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "வீடும் வேணும், வள்ளமும் வேணும்" என்றாள் அவள். துபாய்க்குப் போனவர்கள் வீட்டில் எல்லாம் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மணலும் ஓடும் கொண்டுவர வள்ளம் வேண்டும் என்று மூன்று பேர் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சொந்த வீட்டுக்கான மணலையும் சாராம்மாவும் அவளும்தான் கொண்டுவந்தார்கள். அவன் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்னும் மூன்று வருடம் போய்விட்டு வந்துவிடுவதாகச் சொன்னான். சொன்னபடியே பிறகு வந்தான்.

அவன் திரும்பிப் போகிற நாளில், பூவாரில் பஸ் ஏற்றிவிட, வீட்டு வேலைக்காக வள்ளம் நின்ற திருப்புறத்திலிருந்து எல்லோரும் அதில் இறங்கினார்கள். காலைக் காற்று நன்றாக இருந்தது. பாலையன் தேய்த்த கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தான். பாதி தூரம் போனதும், "சுக்கான நான் கொஞ்சம் பிடிக்கட்டா?" என்றான். தங்கபாய் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வலது பக்கம் மணல் கேறியாச்சு. இடதோடயே போங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாத ஆறா?" என்றான் அவன். பாய் புடைத்தது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வள்ளம் வலதுபக்கம் சறுக்கி மணலில் சொருகி நின்றது.

சாராம்மா கழியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விமலாவும் சிரித்தாள். பாலையன் ஒரு நிமிடம் சுக்கானையும் மணலையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால்சட்டையோடு ஆற்றில் குதித்துத் தோள் கொடுத்தான். தங்கபாயும் குதித்தாள். நான்கு பேரும் தள்ளி வள்ளத்தை ஆழத்துக்குக் கொண்டுவர அரைமணி நேரம் ஆயிற்று. பூவாரில் பஸ் புறப்பட நின்றது. இடுப்புக்குக் கீழே தண்ணீர் சொட்ட அவன் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். கண்டக்டர் அவன் கால்சட்டையைப் பார்த்து, "எந்து பற்றி சேட்டா, என்னாச்சு?" என்றான். பாலையன் வெளியே நின்ற தங்கபாயைக் காட்டி, "அவ சொன்னத நான் கேக்கல்ல" என்றான்.